97 டிகிரி காட்டுகிறது: கேமிங் லெப்டொப்பின் சூட்டைப் புரிந்துகொள்வோம்

போன ஜூலையில் ஒரு மத்தியானம் திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து தங்கச்சியின் மகன் அழைத்தான். குரலே சரியில்லை.

"மாமா, கேம் விளையாடேக்க லெப்டொப் 97 டிகிரி காட்டுது. கடையில கொண்டுபோய்க் காட்டினன். புரொசெசர் சாகப்போகுதாம், பெறுமதி இருக்கேக்கயே வித்துப்போடு எண்டு சொல்றாங்கள். என்ன செய்யிறது?"

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, தான் சேர்த்த காசும் பெரியப்பா அனுப்பிய காசுமாகப் போட்டு வாங்கிய மெஷின் அது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நான் ஒன்றுதான் கேட்டேன்: "விளையாடேக்க எங்க வைக்கிறனி?"

"கட்டில்ல, மெத்தைக்கு மேல."

அந்த லெப்டொப் சாகவில்லை. இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் அந்தக் கடையில் சொன்னதைப் போன்ற கதைகள் எங்கள் ஊரில் நிறையவே உலவுகின்றன. 90 டிகிரியைத் தாண்டினால் சிப் எரிந்துவிடும் என்கிறார்கள். ரேம் என்ற நினைவகத்தைக் கூட்டினால் சூடு குறையும், லெப்டொப்புக்கு அடியில் வைக்கும் ஃபான் தட்டு, அதாவது கூலிங் பேட், வாங்கினால் எல்லாம் சரி, ஃபான் சத்தம் போட்டால் பழுது என்கிறார்கள். இதை நம்பி நல்ல மெஷினைப் பாதி விலைக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் அடியிலிருந்து எழுதுகிறேன். இயற்பியல் படித்திருக்கத் தேவையில்லை. வீட்டில் புட்டு அவித்ததைப் பார்த்திருந்தால் போதும்.

சூடு வேறு, வெப்பநிலை வேறு

குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. பேச்சில் இரண்டையும் நாம் சூடு என்றுதான் சொல்கிறோம்.

எரிகிற ஊதுபத்தியின் நுனி பல நூறு டிகிரியில் இருக்கும். தொட்டால் சுடும். ஆனால் அதை வைத்து ஒரு கோப்பைத் தண்ணீரைக்கூடச் சூடாக்க முடியாது. பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்த ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீர் 40 டிகிரிதான் இருக்கும். ஆனால் அந்த வாளிக்குள் இருக்கும் சூட்டின் அளவு ஊதுபத்தியில் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். சூடு என்பது ஓர் அளவு, அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடும். வெப்பநிலை என்பது ஓரிடத்தில் அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்.

அடியில் ஓட்டை உள்ள ஒரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பைப்பைத் திறந்துவிடுகிறோம். தண்ணீர் ஏற ஏற, அதன் அழுத்தத்தால் ஓட்டை வழியே வெளியேறுவதும் வேகமாகும். ஓர் உயரத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடும். நீர்மட்டம் அங்கேயே நிற்கும்.

புரொசெசருக்கும் இதே கதைதான். மேலே கொட்டுகிற தண்ணீர், சிப் உண்டாக்கும் சூடு. ஓட்டை, அதை வெளியேற்றும் பாதை. நீர்மட்டம், திரையில் தெரியும் டிகிரி. மட்டம் உயர்ந்து நிற்கிறது என்றால் ஒன்றில் பைப்பை அதிகம் திறந்திருக்கிறோம், அல்லது ஓட்டை அடைபட்டிருக்கிறது. வாளி சாகப்போகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. திருமலைக்காரருக்கு முக்கியமானதே அதுதான். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது

புரொசெசர் என்பது கணக்குப் போடும் சிப். அதற்குள் கோடிக்கணக்கான மிகச்சிறிய மின் ஆளிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ட்ரான்சிஸ்டர் என்று பெயர். ஒரு நொடிக்குள் பல நூறு கோடித் தடவை அவை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரு துளி மின்சாரம் செலவாகிறது, அந்தத் துளி அப்படியே சூடாகிறது. கடைசியில் பார்த்தால், சிப் இழுக்கும் மின்சாரம் அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வருகிறது.

இதை வாட் என்ற அலகில் அளப்பார்கள். மின்குமிழின் பெட்டியில் போட்டிருக்கும் அதே வாட்தான். மருமகனின் லெப்டொப்பில் இருப்பது இன்டெல் கோர் ஐ7 12700எச். இதன் அடிப்படை அளவு 45 வாட், உச்சத்தில் 115 வாட் வரை போக இன்டெல் அனுமதிக்கிறது. படத்தை வரையும் கிராபிக்ஸ் சிப் பக்கத்தில் தனியாக இருக்கிறது, அதுவும் தன் பங்குக்குச் சூட்டைக் கொட்டுகிறது. இரண்டும் முழுமூச்சாக ஓடும்போது, அந்தக் காலத்து 60 வாட் குண்டுபல்ப் இரண்டு மூன்றை ஒரு கொப்பி அளவுப் பெட்டிக்குள் வைத்து மூடியதற்குச் சமம்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். வீட்டில் உடுப்பு அழுத்தும் அயன் பெட்டி சுமார் 1000 வாட். அதன் அடித்தட்டு உள்ளங்கையைவிடப் பெரியது, ஏறக்குறைய 200 சதுர சென்ரிமீற்றர். முழுச் சூட்டுக்கு ஏறும்போதுகூட ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5 வாட்தான். புரொசெசர் சிப் இரண்டு சதுர சென்ரிமீற்றர் சொச்சம், பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. அதிலிருந்து 90 வாட் வருகிறது என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 40 வாட்டுக்கு மேல். அயன் பெட்டியைவிட ஏழெட்டு மடங்கு நெருக்கமான சூடு! அதை 97 டிகிரியோடு நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு வியப்பாக இருக்கும்.

கடைசிக் கொஞ்ச வேகத்துக்குக் கொடுக்கும் விலை

சரி, 45 வாட் சிப் ஏன் 115 வாட்டுக்குப் போகிறது?

சிப் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலை இல்லாதபோது மெதுவாக ஓடும். பாரமான வேலை வந்தால் தன் வழக்கமான வேகத்தையும் தாண்டி ஓடும். இந்தத் தாண்டி ஓடுவதற்குத்தான் டர்போ என்று பெயர். மருமகனின் சிப்புக்கு அடிப்படை வேகம் 2.3 கிகாஹேர்ட்ஸ், டர்போவில் 4.7 வரை போகும்.

உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறீர்கள். 40இல் போனால் காற்று முகத்தைத் தடவும். 80இல் போனால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானாலும், அந்தக் காற்றைக் கிழித்துப் போக எஞ்சின் செலவழிக்கும் சக்தி எட்டு மடங்காகிறது. சிப்பிலும் கிட்டத்தட்ட இதே கொடுமைதான். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும், அதாவது வோல்டேஜையும், கூட்ட வேண்டும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 1.1 வோல்ட்டில் ஓடக்கூடிய வேலையை 1.2 வோல்ட் கொடுத்து ஓட்டினால், வேகம் அதே வேகமாக இருந்தாலும் சூடு 19 சதவீதம் கூடிவிடும்.

ஆகவே உச்சியில் இருக்கும் கடைசிக் கொஞ்ச வேகம் அளவுக்கு மிஞ்சிய விலைக்கு வருகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அந்தக் கடைசிக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் சூடு சரசரவென்று இறங்கும். பின்னால் சொல்லப்போகும் வைத்தியங்களில் பாதி இந்த ஒரு வரியில் அடக்கம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சிப் இழுக்கும் மின்சாரம் எல்லாம் சூடாகிறது. டர்போவில் அந்தச் சூடு இரண்டு மடங்கையும் தாண்டலாம். திரையில் தெரியும் டிகிரி, வரும் சூடும் போகும் சூடும் சமமாகும் இடம்.

சூடு வெளியே போகும் பாதை

இந்தப் பாதை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவ்வளவு சின்ன இடத்துக்குள் அவ்வளவு கெட்டித்தனம்.

சிப்புக்கு மேலே ஒரு செப்புத் தகடு அழுத்தி உட்கார்ந்திருக்கும். இரண்டும் வழுவழுப்பாகத் தெரிந்தாலும் உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பள்ளங்களில் காற்று அடைந்துகொள்ளும். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி, செம்போடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு மோசம். அந்த இடைவெளிகளை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட் என்ற பசையைப் பூசுகிறார்கள். செம்பு அளவுக்கு அது கடத்தாது, ஆனால் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் தேவலாம்.

தகட்டோடு ஒட்டியபடி தட்டையான செப்புக் குழாய்கள் ஓடும். இவற்றுக்கு ஹீட் பைப் என்று பெயர். இதைத் திடமான செப்புக் கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே அது வெறுங்குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி தண்ணீரை மட்டும் விட்டு இரு முனையையும் அடைத்திருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது, அதற்கு வெகு கீழேயே ஆவியாகிவிடும்.

புட்டுப் பானையின் ஆவியில் கை பட்டவர்களுக்குத் தெரியும், சுடுதண்ணீர் பட்டதைவிட அது எவ்வளவு மோசமாகச் சுடும் என்று. ஒரு லீற்றர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்க வேண்டிய சக்தியைப்போல ஐந்து மடங்குக்கு மேல், அதே தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அவ்வளவு சூட்டையும் ஆவி தனக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. குளிர்ந்த இடத்தில் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது மொத்தத்தையும் அங்கே கொட்டிவிடும். மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்து நிற்கிறதே, அந்த மூடி தொட முடியாத சூட்டில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஹீட் பைப்புக்குள்ளும் இதேதான் நடக்கிறது. சிப் பக்கத்தில் தண்ணீர் ஆவியாகிறது, மறுமுனைக்கு ஓடுகிறது, அங்கே சூட்டைக் கொட்டிவிட்டுத் தண்ணீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய சல்லடை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அதைச் சிப் பக்கம் திரும்ப இழுத்துவிடுகிறது. மோட்டர் இல்லை, சத்தம் இல்லை. நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க உள்ளே ஒரு புட்டுப் பானை அவிந்துகொண்டே இருக்கிறது.

அந்த மறுமுனையில் சீப்புப் பற்களைப்போல நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். ஃபான் அவற்றுக்கிடையே காற்றை ஊதி, சூட்டை அறைக்குள் தள்ளும். அவ்வளவுதான் பாதை: சிப், பசை, ஆவிக் குழாய், தகடுகள், அறைக் காற்று. பல லெப்டொப்களில் புரொசெசரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே குழாய்களைப் பங்குபோட்டுக்கொள்ளும். அதனால்தான் ஒன்று சூடேறினால் மற்றதும் ஏறுகிறது.

வாய்க்கால் நிரம்பினால் முற்றம் வடியாது

இப்போது அந்த மூன்றாவது காரணம்.

மாரி காலத்தில் முற்றத்துத் தண்ணீர் ஒழுங்கை வாய்க்காலுக்கு வடிகிறது. வாய்க்கால் வற்றிக் கிடந்தால் முற்றம் சட்டென்று காயும். வாய்க்காலே நிரம்பி நின்றால்? வீட்டு வடிகாலை எவ்வளவுதான் துப்புரவாக வைத்திருந்தாலும் முற்றத்தின் மட்டம் வாய்க்காலின் மட்டத்துக்குக் கீழே போகவே போகாது.

லெப்டொப்புக்கு வாய்க்கால் என்பது அறைக் காற்று. ஃபான் எந்த வேகத்தில் சுற்றினாலும் சிப்பை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை 9 டிகிரி கூடினால், அதே வேலையைச் செய்யும் சிப்பும் ஏறக்குறைய 9 டிகிரி கூடித்தான் நிற்கும்.

வெளிநாட்டு விமர்சன வீடியோக்களைப் பார்த்துவிட்டு "அங்க 86 தான் வருது, எனக்கு மட்டும் ஏன் 95?" என்று கேட்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் நடக்கின்றன. எங்கள் நிலைமை என்ன? மே தொடங்கிச் செப்டம்பர் வரை கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடேறி வருகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே 34 டிகிரி என்பது இங்கே சாதாரணம். 25க்கும் 34க்கும் 9 டிகிரி வித்தியாசம். 86ஓடு 9ஐக் கூட்டுங்கள். லெப்டொப்பில் ஒரு பழுதும் இல்லை, வாய்க்கால்தான் நிரம்பியிருக்கிறது.

இதை எழுதும்போது கன்னியா வெந்நீரூற்றும் நினைவுக்கு வருகிறது. ஏழு கிணறு, எட்டிக் கால் வைக்கிற தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் ஒவ்வொன்றின் சூடும் வேறு. சிப்பும் அப்படித்தான். உள்ளே பல அளவிகள் இருக்கின்றன. சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளைக் கோர் என்பார்கள், ஒவ்வொரு கோருக்கும் ஒரு கணக்கு. வெப்பநிலை காட்டும் செயலிகள் பலவும் அவற்றில் மிகச் சூடான ஒன்றைத்தான் பெரிதாகக் காட்டும். ஒரு கணம் 97 வந்துபோவதும், அரை மணித்தியாலம் 97இலேயே நிற்பதும் ஒன்றல்ல. எண்ணைப் பார்க்கும்போது எந்த எண், எவ்வளவு நேரம் என்று இரண்டையும் பாருங்கள்.

100ஐத் தொட்டால் என்ன நடக்கும்

எரியாது. முதலில் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

சிப் செய்யப்பட்டிருக்கும் சிலிக்கன் உருக 1400 டிகிரிக்கு மேல் வேண்டும். பலகையில் ஒட்டியிருக்கும் ஈயமில்லாப் பற்றாசுகூட 217 டிகிரி அளவில்தான் உருகத் தொடங்கும். இன்டெல் தன் லெப்டொப் சிப்புகளுக்குப் பெரும்பாலும் 100 முதல் 110 டிகிரி வரை எல்லை வைக்கிறது. சிப் செய்யும் இன்னொரு நிறுவனமான ஏஎம்டி, மாடலைப் பொறுத்து, பெரும்பாலும் 95 முதல் 105 வரை வைக்கிறது. இவை தயாரித்தவர்களே போட்ட கோடுகள்.

கோட்டைத் தொட்டதும் சிப் தானாகவே தன் வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொள்ளும். இதற்கு திரொட்லிங் என்று பெயர். வெயிலில் கல் சுமக்கிறவர் மயங்கி விழும்வரை சுமப்பதில்லை, நடையைத் தளர்த்துகிறார். அதே அறிவுதான். திரையில் படம் திடீரென்று விக்கி விக்கி ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால், விண்டோஸிடம் கேட்காமலே மெஷின் தன்னை அணைத்துவிடும்.

அப்படியானால் 97ஐக் கவனிக்காமல் விடலாமா? விடக்கூடாது. சிப்புக்காகப் பயப்படத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராமல் போகிறது. ஃபான் நாள் முழுக்க உச்சத்தில் சுற்றித் தேய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பற்றரி வேகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூடியைக் கழற்றியபோது

அந்த வார இறுதியில் பாலையூற்றுக்குப் போனேன். வெளிச்சம் நன்றாக விழும் வராந்தாவில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, லெப்டொப்பைக் கவிழ்த்து வைத்தோம். கழற்றும் திருகாணிகள் நீளத்தில் வேறுபடும் என்பதால், ஒரு கடதாசியில் லெப்டொப்பின் படத்தைக் கீறி, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வைக்கச் சொன்னேன். மூடி வந்ததும் முதல் வேலை, பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. அதற்கு முன் வேறெதிலும் கைவைக்கக் கூடாது.

ஃபானைப் பார்த்துவிட்டு அவன், "தூசி பெருசா ஒண்டும் இல்லையே மாமா" என்றான். வெளியே இருந்து பார்க்கும் எல்லோரும் சொல்வது இதுதான். தூசி ஃபானில் தங்குவதில்லை. ஃபான் அதை வீசியடிக்க, அது போய் அந்த உலோகச் சீப்பின் உட்பக்க வாசலில் ஒட்டுகிறது. ஃபானின் மேல்தகட்டைத் திறந்தபோது அது இருந்தது. சாம்பல் நிறத்தில், மெத்தைத் துணியைப்போல இறுகி, சீப்பின் முக்கால்வாசி அகலத்தை மூடி நின்றது. சின்னச் சாமணத்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். கிழியாமல் முழுதாகவே வந்தது, விரல் நீளத்துக்கு ஒரு பட்டி. தலையணைப் பஞ்சு, பூனை மயிர், கடற்கரை மணலின் சில மினுக்கங்கள். உப்புக்காற்றின் ஈரம் எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருந்தது. அவன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தான். அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

வாளியின் ஓட்டையில் துணியை அடைத்து வைத்திருந்தோம். அதற்கு மேல் மெத்தை வேறு அடியிலிருந்த காற்று வாசல்களை மூடியிருந்தது.

பிறகு செப்புத் தகட்டைத் தூக்கினோம். பழைய பசை ஓரங்களில் வழிந்து காய்ந்த பற்பசையைப்போல உதிர்ந்தது, சிப்பின் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சூடேறி ஆறி, சூடேறி ஆறி வரும்போது பசை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டுவிடும். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் இரண்டு பக்கத்தையும் துடைத்து, புதுப் பசையைச் சிப் முழுதும் மூடும்படி மெல்லியதாகப் பூசினோம். தகட்டைத் திரும்பப் பூட்டும்போது அதில் பொறித்திருக்கும் இலக்க வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. வாரண்டி இருந்தால் திறக்கும் முன் அதன் நிபந்தனையைப் படியுங்கள். சில லெப்டொப்களில் பசைக்குப் பதிலாக வெள்ளிபோலப் பளபளக்கும் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி சிந்தினாலும் பலகை போய்விடும். அப்படியானதில் பழகாத கை வைக்க வேண்டாம்.

அன்று பின்னேரமே அதே கேமை மேசையில் வைத்து ஓட்டினோம். 88 டிகிரி. இனி சொல்லப்போவதையும் செய்தபிறகு 79இல் நின்றது.

காசு செலவில்லாதவை

முதலாவது, பின்பக்கத்தை உயர்த்துங்கள். தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்டிக் மூடி இரண்டு போதும். அடியில் ஒரு விரல் இடைவெளி கிடைத்தால் ஃபானால் மூச்சு விட முடியும். கூலிங் பேட் செய்வதிலும் பெரும்பங்கு இந்த உயர்த்தல்தான். முதலில் போத்தல் மூடியை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் கூலிங் பேட்டுக்குக் காசு கொடுங்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது: படங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு. கேம் ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதைத்தான் எஃப்பிஎஸ் என்பார்கள். உங்கள் திரை ஒரு நொடிக்கு 60 படம்தான் காட்டும் என்றால், சிப் 140 வரைந்து என்ன பயன்? மிச்சம் 80ம் கண்ணுக்கு வராமலே சூடாகப் போகிறது. கேமின் செட்டிங்கில் 60 என்று கட்டிவிடுங்கள். 144 காட்டும் திரையாக இருந்தாலும், கதை சொல்லும் கேமுக்கு 60, 75 தாராளம். இரண்டு சிப்பின் சூடும் ஒரே அடியாக இறங்கும்.

டர்போவை நிறுத்துவது இன்னும் கடுமையான மருந்து. விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸ் உள்ளே மாக்சிமம் புரொசெசர் ஸ்டேட் என்று ஒன்று இருக்கும். அதை 100இலிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான லெப்டொப்களில் டர்போ ஓய்ந்துவிடும். 10, 15 டிகிரி சட்டென்று இறங்குவதைப் பார்க்கலாம். புரொசெசரை அதிகம் நம்பும் கேம்களில் வேகம் குறையும், கிராபிக்ஸ் சிப்பை நம்பும் கேம்களில் பெரிதாகத் தெரியாது. உங்கள் கேமில் முயன்று பாருங்கள். பிடிக்காவிட்டால் திரும்ப 100.

வோல்டேஜை மட்டும் குறைத்து வேகத்தை அப்படியே வைக்கும் வழியும் உண்டு. அதற்கு அண்டர்வோல்ட் என்று பெயர். நல்ல வழிதான். ஆனால் 2019இல் வெளியான ஒரு பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பிறகு பல இன்டெல் லெப்டொப்களில் இதைப் பூட்டிவிட்டார்கள். உங்கள் மெஷின் அனுமதித்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நன்றாக ஓட்டிப் பார்த்துச் செய்யுங்கள்.

அப்புறம் நேரம். மத்தியானம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அறை வெப்பநிலை ஐந்தாறு டிகிரி வித்தியாசப்படும். பாரமான கேமை இரவுக்குத் தள்ளினால் அந்த ஐந்தாறும் சும்மா கிடைக்கிறது.

ஃபான் காற்று, ஐஸ், வக்யூம்

"ஸ்டாண்ட் ஃபானை லெப்டொப்புக்கு நேரே திருப்பிவிட்டேன், ஆனாலும் குறையவில்லை" என்பார்கள். மின்விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை. நமக்குக் குளிர்வது வியர்வை ஆவியாவதால். லெப்டொப்புக்கு வியர்க்காது, அதற்கு 34 டிகிரிக் காற்று 34 டிகிரிக் காற்றுதான். ஆனாலும் ஒரு நன்மை உண்டு: லெப்டொப் ஊதித்தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப உறிஞ்சாமல், மின்விசிறி அதைக் கலைத்துவிடும். மூலையில் சுவரோடு ஒட்டி வைத்து விளையாடுபவர்களுக்கு இதில் பலன் தெரியும். ஏசி அறை என்றால் கதையே வேறு, அங்கே வாய்க்காலின் மட்டமே இறங்கிவிடுகிறது.

ஐஸ் பக்கற்றை அடியில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் எங்கள் ஊரில் ஒரே நிமிடத்தில் நனைந்து நிற்கிறது அல்லவா? அந்தத் தண்ணீர் போத்தலுக்குள்ளிருந்து வரவில்லை, காற்றின் ஈரம் குளிர்ந்த இடத்தில் படிந்தது. அதே ஈரம் லெப்டொப்பின் பலகையில் படியும். கடலோர ஊரில் அது உப்பையும் சேர்த்துக்கொண்டு செப்பை அரிக்கும்.

வக்யூம் கிளீனரை வாசலில் வைத்து இழுப்பவர்களும் இருக்கிறார்கள். ஃபான் தன் அளவுக்கு மீறிச் சுற்றி அச்சு கெடும், நிலைமின்சாரமும் உண்டாகும். ஊதுவதானாலும் ஃபானின் இதழை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ரேம் கூட்டுவதற்கும் புரொசெசர் சூட்டுக்கும் சம்பந்தமில்லை.

உண்மையில் வேகுவது பற்றரி

லெப்டொப்பில் சூட்டுக்குப் பயப்பட வேண்டிய பொருள் ஒன்று என்றால் அது லிதியம் அயன் பற்றரி. சிப்புக்கு 90 டிகிரி அன்றாடம். பற்றரிக்கு 45 டிகிரியே வேதனை. சூடும் முழு சார்ஜும் ஒன்றாகச் சேர்ந்தால் அது விரைவாக மூப்படையும். கேமிங் லெப்டொப்பை எப்போதும் சார்ஜரில் குத்தியே வைத்திருப்பதால், 100 சதவீத சார்ஜில், சூட்டுக்குள்ளேயே அது கிடக்கிறது. பல லெப்டொப்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. இன்றைக்கே தேடி அதைப் போட்டுவிடுங்கள்.

எப்போது கடைக்குக் கொண்டுபோக வேண்டும்? ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் 80க்கு மேல் நின்றால். ஃபான் ஒரு பக்கம் சுற்றாமல் இருந்தால், அல்லது கரகரவென்று உராய்ந்தால். துப்புரவாக்கிப் புதுப் பசை போட்ட பிறகும் மெஷின் தானாக அணைந்தால். இவை எல்லாம் ஆறுதலாகப் பார்க்கக்கூடியவை.

ஒன்றை மட்டும் ஆறப்போடக் கூடாது. தொடுபலகை மேலெழும்பி நின்றாலோ, மேசையில் வைத்த லெப்டொப் ஒரு மூலையில் ஆடினாலோ, அடிமூடி புடைத்திருந்தாலோ, உள்ளே பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். கட்டில், மெத்தை, திரைச்சீலைப் பக்கம் வைக்காமல் சீமெந்துத் தரையில் தனியாக வைத்துவிட்டு, பற்றரி மாற்றத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.